வீடு தேடிப் போகும் கால்கள்

(பாறசாலை வட்டாரத்தில், கிராம நூலகம் ஒன்றில் எல்லைப்புறத் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொது சுகாதாரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பேச இந்த மண்ணுக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு திருவிதாங்கூர் அரசு ஒரு மாதிரி சுகாதார அலகைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் நம் நெய்யாற்றின்கரை. இந்தியாவில் கிராமப்புறத்துக்கென்று தோன்றிய முதல் சில சுகாதார அலகுகளில் அது ஒன்று. நம்முடைய தாத்தா பாட்டிமார் காலத்தில், இதே ரப்பருக்கும் மரச்சீனிக்கும் நடுவில், வீடு வீடாகப் போய் நோயைத் தேடுவது எப்படி என்று ஒரு நாடு பழகிப் பார்த்தது. இன்று இங்கே கூடியிருப்பவர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இதைச் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, 1928-இல், டபிள்யூ. பி. ஜேகாக்ஸ் என்ற ராக்ஃபெல்லர் மருத்துவர் திருவிதாங்கூருக்கு வந்தார். அதற்கு முன்பு அவர் இலங்கையில் வேலை செய்தவர். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகில் அவருக்குப் பங்குண்டு. இங்கே வந்ததும் முதலில் கொக்கிப்புழுவைத்தான் தேடினார். மண்ணில் இருக்கும் அதன் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் விரலிடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக இறங்கி, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஈரமும் நிழலும் உள்ள மண் அதற்கு மிகவும் பிடித்தது. தெற்குத் திருவிதாங்கூரின் தோட்டங்கள் அத்தனையும் அப்படிப்பட்ட மண்தான். அன்று பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள், தோட்டத்து மறைவில் மலம் கழித்தார்கள். ஆகவே, பரிசோதித்தவர்களில் பெரும்பாலானவர்களின் உடலில் புழு இருந்தது.

இதற்கு மருந்து கொடுப்பது எளிது. ஆனால் மருந்து கொடுத்த ஆளே மறுநாள் அதே தோட்டத்தில் வெறுங்காலோடு இறங்கினால் புழு மறுபடியும் ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இந்த நோயை வெல்ல முடியாது. கக்கூஸ் குழி தோண்டுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தோண்டினார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டை எட்டிப் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சுகாதார அதிகாரி, சுகாதார ஆய்வாளர்கள், பொது சுகாதார நர்ஸ்கள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்து ஒரு பகுதிக்கு அவர்களைப் பொறுப்பாக்கினார்கள். திருவிதாங்கூரில் பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை உருவானதும் அந்த ஆண்டுகளில்தான். கேரளத்தின் ஆயுட்காலத்தையும் குறைந்த சிசு மரணத்தையும் உலகமே பேசுகிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு: பெண் கல்வி, நிலச் சீர்திருத்தம், கூலிப் போராட்டங்கள், மிஷன் மருத்துவமனைகள். ஆனால் ஒரு நர்ஸ் குடையும் பையுமாக ஒற்றையடிப் பாதையில் நடந்து உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தக் காரணங்களில் ஒன்று. என் பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான்.

மிஷன் மருத்துவமனை என்றேன். எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யூரில் 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற லண்டன் மிஷன் மருத்துவர் வைத்தியம் தொடங்கினார். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்தார். காத்திருந்த நோயாளிக் கூட்டத்தையும் போதாத மருத்துவர்களையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்கினார். தெற்குத் திருவிதாங்கூரில் குடல்புண்ணால் துடித்தவர்களுக்கு அவர் செய்த அறுவைச் சிகிச்சைகளை மருத்துவ உலகம் பேசியது. இன்று நம் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெய்யூர் தமிழ்நாட்டில், காரக்கோணம் கேரளத்தில். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கல்குளமும் விளவங்கோடும் அங்கே போயின, நெய்யாற்றின்கரை இங்கே நின்றது. நோயாளிகள் அந்த எல்லைக் கோட்டை எந்தக் காலத்திலும் மதித்ததில்லை. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் புற்றுநோய் மையத்துக்கும் தினமும் வண்டி வண்டியாகப் போகிறார்கள். பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறார்.

இனி, நோய் ஏன் ஒளிகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். 

தொழுநோயை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் ஊளம்பாறையில் இருந்த தொழுநோயாளிகளை 1934-இல் ஆலப்புழைப் பக்கம் நூறநாட்டுக்கு மாற்றினார்கள். நகரத்தின் கண்ணில் படாத தூரம் அது. நூறநாட்டுக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. குணமானவர்களையும் வீடு ஏற்கவில்லை. அந்த நூறநாட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரரான தோப்பில் பாசி, 1960களின் தொடக்கத்தில் ‘அஸ்வமேதம்’ என்ற நாடகத்தை எழுதினார். நோயிலிருந்து குணமான ஒரு பெண் வீட்டுக்குத் திரும்பும்போது அங்கே அவளுக்கு இடமில்லாமல் போவதுதான் அதன் கதை. கேரளம் முழுக்க மக்கள் கூட்டம் கூட்டமாக அதைப் பார்த்தார்கள். 2018-இல் கேரள அரசு வீடு வீடாகத் தொழுநோயைத் தேடும் இயக்கத்தைத் தொடங்கியபோது அதற்கு ‘அஸ்வமேதம்’ என்றே பெயரிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் அவரை நான் வணங்குகிறேன்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆறு மாதம், மிஞ்சினால் பன்னிரண்டு மாதம் மாத்திரை. மருந்து இலவசம். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. நம்மில் பெரும்பாலானவர்களின் உடலுக்கு அதைத் தடுக்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதோடு வீடு வீடாகத் தேடும் வேலை தளர்ந்தது. தேடுவது தளர்ந்ததும் கணக்கில் நோய் குறைந்தது. 2016-இல் மறுபடியும் கதவைத் தட்டத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் புதிய நோயாளிகள் கிடைத்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள்? நம்மோடுதான் இருந்தார்கள், நம் பக்கத்து வீட்டில்.

வெள்ளறடைப் பக்கம் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளியைச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்கையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெளிறிய படை. பல மாதங்களாக இருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. சுகாதாரப் பணியாளர் பால்பாயிண்ட் பேனாவின் முனையை எடுத்தார். “அண்ணாச்சி, கண்ண மூடிக்கிடுங்க. நான் தொடுற எடத்த வெரலால காட்டணும்.” முழங்கைக்குப் பக்கத்தில் தொட்டார், உடனே காட்டினார். மணிக்கட்டில் தொட்டார், காட்டினார். படையின் நடுவில் தொட்டார். அவர் கண்ணை மூடியபடியே, “ம், தொடுங்க” என்று சொல்லிக் காத்துக்கொண்டிருந்தார். மூன்று முறை தொட்டாகிவிட்டது. அவருக்குத் தெரியவேயில்லை. வாசலில் நின்ற மனைவியின் முகம் மாறிப்போனது. 

அந்தத் தொழிலாளி கேட்ட முதல் கேள்வி, குணமாகுமா என்பது இல்லை. “ரோட்டுல உள்ளவங்களுக்குத் தெரியுமா?” என்பதுதான். இரண்டாவது கேள்வி, மகளின் கல்யாணப் பேச்சைப் பற்றி. மூன்றாவதாகத்தான் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கூர்மையான கத்தியோடு மரத்துக்கு மரம் நடக்கிற மனிதர் அவர். கை மரத்துப்போனால் அந்தக் கத்தி தன்னை வெட்டியதும் தெரியாது. அந்த ஆபத்து அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, ஊர் பெரிதாகத் தோன்றியது. இந்த வரிசையை மாற்றாமல் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. நரம்பு கெட்டுப்போன பிறகு வந்தால் மாத்திரை கிருமியைக் கொல்லும், மடங்கிய விரலை நிமிர்த்தாது.

சட்டமும் நெடுங்காலம் ஊரோடு சேர்ந்து நின்றது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை 2016-இல்தான் நீக்கினார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியை 2019-இல்தான் எடுத்தார்கள். குணமாக்கும் மருந்து வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு!

காசநோயிலும் இதே கதைதான், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாத மருந்து, இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனாலும் இருமலை மறைத்துக்கொண்டு, தெரிந்த முகம் இல்லாத ஆஸ்பத்திரியைத் தேடி எல்லையைத் தாண்டுகிறவர்கள் உண்டு. இங்குள்ளவர் அங்கே போகிறார், அங்குள்ளவர் இங்கே வருகிறார். இடையில் ஒரு மாதம் மருந்து விட்டுப்போகிறது. விட்டு விட்டுச் சாப்பிட்ட மருந்து கிருமியைப் பழக்கிவிடும். அதன் பிறகு வருவது, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். 

மனநோய்க்கு வருவோம். ஊளம்பாறை என்ற ஊர்ப் பெயரை எல்லைக்கு இரு பக்கமும் நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று உங்களுக்கே தெரியும். கோபம் வந்தால் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறோம், சண்டை வந்தால் பக்கத்து வீட்டாரைப் பார்த்துச் சொல்கிறோம், சினிமாவில் சொல்லிச் சிரிக்கிறோம். அங்கே இருப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு மருந்து கொடுத்த மனநல மருத்துவமனை. தூக்கமில்லாமல் தவிக்கும் ஒரு பெண், பிரசவத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் அழும் ஒரு தாய், மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கு நாம் விளையாட்டாகச் சொன்ன அந்த ஒரு சொல் போதும். நிறுத்திவிடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிய நோய்கள் வந்தபோதும் பழைய பழக்கம் போகவில்லை. 2020 ஜூலை 17 அன்று, பூந்துறையிலும் நம் தாலுகாவைச் சேர்ந்த புல்லுவிளையிலும் கோவிட் சமூகப் பரவலாகிவிட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். ஓர் அரசு அப்படி வெளிப்படையாகச் சொன்னது நல்ல காரியம். ஆனால் அந்த நாட்களில் கடற்கரை மக்களுக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. பூந்துறையில் கமாண்டோப் போலீசார் இறங்கினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் மீனைக் கண்டால் ஒதுங்கினார்கள், மீன் விற்கும் பெண்களைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். ஜூலை 10-ஆம் தேதி பூந்துறை மக்கள் தெருவுக்கு வந்து கொந்தளித்தார்கள். இரண்டு நாள் கழித்து, அதே மக்கள் சுகாதாரப் பணியாளர்களை மலர் தூவி வரவேற்றார்கள். அவர்களுடைய கோபம் நர்ஸ் மேல் இல்லை, தங்களைக் கிருமியாகப் பார்த்த பார்வையின் மேல்தான் என்று அந்த மலர்கள் தெளிவாகச் சொல்லின. 

2024-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலையில் நெய்யாற்றின்கரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் காலரா. அதே மாதம் நெல்லிமூடு பக்கத்தில் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல். ஓர் உயிர் போயிற்று. பிறகு நோய் வந்தவர்கள் சீக்கிரமே மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள், பிழைத்தார்கள். உலகத்தில் பெரும்பாலும் யாரும் உயிர் பிழைக்காத நோய் அது. இங்கே பலரைக் காப்பாற்றினார்கள். அதற்குக் காரணம் அந்த மருத்துவர்களின் திறமை மட்டும் இல்லை. அதே குளத்தில் குளித்தோம் என்று அந்தப் பையன்கள் முன்வந்து உண்மையைச் சொன்னார்கள். அவர்களுடைய பழக்கவழக்கத்தைப் பற்றி ஊரில் வேண்டாத பேச்சு எழுந்தது. பேச்சுக்குப் பயந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது முதியவர்களைப் பற்றிப் பேச வேண்டும். இதையும் நோய் மறைப்பதையும் ஏன் ஒரே மேடையில் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவமானத்தால் ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார், கால் வராததால் இன்னொருவர் வீட்டுக்குள் இருக்கிறார். இருவரும் ஆஸ்பத்திரி வரிசைக்கு வருவதில்லை. இருவரையும் நாம்தான் தேடிப் போக வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2021-இல் அது 16.5 ஆக இருக்கும் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. 2031-இல் 20.9. அதாவது ஐந்தில் ஒருவர். தமிழ்நாடும் பின்னாலேயே வருகிறது: 2021-இல் 13.6, 2031-இல் 18.2. இந்தியாவிலேயே முதியவர் பங்கு மிகுந்த இரண்டு மாநிலங்கள் இவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்த எல்லைக் கிராமங்களில் கேரளத்து முதுமையும் தமிழ்நாட்டு முதுமையும் ஒரே தெருவில் இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவில், பெங்களூரில், இங்கிலாந்தில் நர்ஸாக. உலகத்தின் முதியவர்களைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களை இந்த மண் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவர்களுடைய சொந்த அம்மாமார் இங்கே தனியாக இருக்கிறார்கள்.

பனச்சமூட்டுப் பக்கம் அப்படி ஒரு பாட்டி. மகன் வெளிநாட்டில். மகளைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்தான், ஆனால் வேறு மாநிலம். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பஞ்சாயத்தின் சாந்துவன (வலி தணிப்பு) சிகிச்சைக் குழு வாரா வாரம் வருகிறது. நர்ஸ் உள்ளே நுழைந்ததும் பாட்டி சொன்னார்: “மக்களே, வந்திட்டியா? ஒன்ன நெனச்சிட்டேதான் கெடக்கேன்.” நர்ஸ் முதலில் பையைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி விசாரித்தார். அதன் பிறகு மெதுவாகப் புரட்டிப் படுக்கவைத்தார். இடுப்புக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். உப்புத்தண்ணீரில் கழுவி, செத்த தோலை எடுத்து, துணி வைத்துக் கட்டினார். மூத்திரக் குழாயை மாற்றினார். பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னார். புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள் இருந்தால் வராத புண் அது. மருந்துக் கடையில் விற்காத மருந்து அந்த ஆள்.

இந்தக் குழுக்கள் வானத்திலிருந்து விழவில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் அவர்களோடு சிலரும் வலி தணிக்கும் ஒரு சிறிய சிகிச்சையகத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறத்திலும் வயநாட்டிலும் ஆட்டோ ஓட்டுபவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். 2008-இல் கேரள அரசு சாந்துவன சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். ஊராட்சிகள் நர்ஸை நியமித்து, வண்டி ஏற்பாடு செய்து, வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆக இரண்டு அரசுகளும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு நெய்யாற்றின்கரை கண்ட வழிக்கே வந்திருக்கின்றன. இரண்டையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். 

ஆனால் எல்லையில் இரண்டு திட்டமும் நின்றுவிடுகின்றன. பனச்சமூட்டுப் பாட்டியை மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், இங்குள்ள நர்ஸ் அங்கே போக முடியாது. அங்குள்ள பெண் தன்னார்வலரின் பட்டியலில் பாட்டியின் பெயர் இல்லை. ரேஷன் கார்டு இங்கே, காப்பீட்டு அட்டை இங்கே, பாட்டி அங்கே. மகளோடு இருந்தால் மருந்து இல்லை, மருந்து வேண்டுமென்றால் மகள் இல்லை. ஒரு தாயை இப்படித் தேர்ந்தெடுக்க வைப்பது நியாயமா? 2020 மார்ச்சில் காசர்கோட்டு எல்லையைக் கர்நாடகம் அடைத்தபோது மங்களூருக்குப் போக முடியாமல் நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள், நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அங்கே மண் கொட்டி அடைத்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். இங்கே காகிதம் அடைக்கிறது, யார் கண்ணிலும் படுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு 2021 முதல் இலவசமாகத் தருகிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று அது கேட்பதில்லை. காசநோயாளியின் விவரம் நாடு முழுக்க ஒரே கணினிப் பதிவில் இருக்கிறது. பாறசாலையில் தொடங்கிய மருந்தைக் குழித்துறையில் தொடரலாம், அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். ரத்தம் வழிகிற விபத்துக்கும் தொற்றுகிற இருமலுக்கும் எல்லையைத் திறக்கத் தெரிந்தவர்களுக்குப் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குத் திறக்கத் தெரியாதா? திருவனந்தபுரம், கன்னியாகுமரி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் சுகாதார அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்தால், எல்லையோர ஊராட்சிகளுக்கு மட்டுமாவது ஓர் ஏற்பாட்டைச் செய்துவிடலாம்.

மொழியையும் சொல்ல வேண்டும். இங்கே வீட்டில் தமிழ் பேசும் முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். மலையாளம் புரியும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. மாத்திரைக் கவரில் மலையாளத்தில் எழுதியிருப்பதை வாசிக்க ஒரு பேரன் வேண்டும். பேரன் பெங்களூரில். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் மாற்றிப் போட்டுக்கொண்டு சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கவரில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் ஒருவரைத் தெரியும். அவர் செய்வதை எல்லோரும் செய்யலாம். தமிழில் நான்கு வரி அச்சடித்துத் தருவதற்கும் பெரிய செலவு இல்லை.

கடைசியாக, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆஷா பணியாளர்களைப் பற்றி. 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷா பணியாளர்கள் போராட்டம் தொடங்கினார்கள். அப்போது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். 21,000 கேட்டார்கள், ஓய்வு பெறும்போது ஐந்து லட்சம் கேட்டார்கள். வெயிலிலும் மழையிலும் எட்டு மாதத்துக்கும் மேல் அங்கே இருந்தார்கள். தலைமுடியை வெட்டிப் போராடினார்கள். கடைசியில் ஆயிரம் ரூபாய் கூடியது. தொழுநோய்ப் படையைக் கண்டுபிடிப்பதும், கர்ப்பிணியைக் கணக்கெடுப்பதும், காசநோயாளி மாத்திரை போட்டாரா என்று கேட்பதும், படுத்த படுக்கையானவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று நர்ஸுக்குச் சொல்வதும் இவர்கள்தான். இவர்களைத் தொண்டர்கள் என்று அழைத்து மதிப்பூதியம் கொடுப்பது சரியில்லை. இது வேலை. வேலைக்குச் சம்பளம் வேண்டும். மத்திய அரசு மாநிலத்தைக் காட்டுகிறது, மாநில அரசு மத்தியைக் காட்டுகிறது. இரண்டுமே பொறுப்பைத் தட்டிக் கழிக்கின்றன என்பதுதான் என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். அடுத்த கிராமசபை கூடும்போது போங்கள். வழக்கமாகத் தெரு விளக்கையும் ரோட்டையும் பற்றித்தான் அங்கே பேசுகிறோம். நம் வார்டில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டுச் சிகிச்சை கிடைக்கிறது என்று மெம்பரிடம் எழுந்து நின்று கேளுங்கள். மாத்திரைக் கவரில் தமிழ் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். எல்லை தாண்டி மகள் வீட்டில் இருக்கும் முதியவர்களின் பெயரை எழுதிக் கொடுங்கள்; பட்டியல் இருந்தால்தான் அதிகாரிகளிடம் பேச முடியும். பக்கத்து வீட்டில் யாருக்காவது உணர்ச்சியில்லாத படையோ, இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலோ இருந்தால், தெருவில் பேசாமல் அவரிடமே போய்ச் சொல்லுங்கள், கூடவே ஆஸ்பத்திரிக்கும் போய் வாருங்கள். நாளைக் காலையில் ஆஷா பணியாளர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்கிற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.